சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

இணைய இணைப்பை மாற்றிக்கொண்ட வீடுகள் பலவற்றில் இன்று ஓர் அநாதைப் பெட்டி கிடக்கிறது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த நாட்களில் கூடத்துச் சுவரோரம் இரவும் பகலும் பச்சைக்கண் சிமிட்டிக்கொண்டிருந்த ரவுட்டர் அது. கண்ணாடியிழை இணைப்பு வந்தது. அதனோடு புதுப் பெட்டியும் வந்தது. பழையது அலுமாரியின் மேல்தட்டில் ஏறி, குப்பை வண்டிக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நோய் ஏதும் இல்லை. மின்சாரம் கொடுத்தால் எழுந்து நிற்கும். ஆயினும் "இது இனி உதவாது" என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. தீர்ப்பு எழுதியவர் அந்தப் பெட்டியை விலைகொடுத்து வாங்கியவர் அல்லர். புதுப் பெட்டியை விற்பவர். என் வழக்கு அவரோடுதான்.

கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகைக்கு வந்தவனுக்கு ரவுட்டரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒலிபரப்பும் தொலைத்தொடர்பும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வியோடுதான் முப்பது வருடமாகப் பிழைத்துவருகிறேன். அந்தக் கேள்வி இப்போது வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய ரவுட்டரால் ஆகக்கூடிய காரியம் என்ன? வைஃபை எட்டாத அறைக்கு அலையை எடுத்துச்செல்லும் அஞ்சல் நிலையமாக அதை மாற்றலாம். 'ரிப்பீட்டர்' என்பதற்குப் பலரும் பலவிதமாகத் தமிழ் தேடுகிறார்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்கு 'அஞ்சல்' என்ற சொல்லே போதும். கோயில் திருவிழாவை நேரடி அஞ்சல் செய்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடினோம். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுப்பது. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

திருகோணமலைக்காரருக்கு இது புதிய விடயமும் அல்ல. 1980களில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி எங்கள் நகருக்கு வடக்கே ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுவியது. ஜெர்மனியில் தயாரான நிகழ்ச்சிகளை இங்கே வாங்கி, இங்குள்ள உயர்ந்த கோபுரங்கள் வழியாக ஆசிய நேயர்களுக்கு மீண்டும் பரப்பினார்கள். சிற்றலையில் உலகத்துக்குப் பேசும் ஆர்வம் ஐரோப்பாவுக்குக் குறைந்துபோன பிறகு, 2010களில், அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. இந்தக் கைமாற்றத்தில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று. போகிறவர்கள் கோபுரத்தைப் பூட்டி, சாவியை ஜெர்மனிக்குக் கொண்டுபோகவில்லை. நிலையம் தொடர்ந்து இயங்கக்கூடிய நிலையில் இங்குள்ளவர்களிடம் வந்தது. பெரிய நிறுவனங்கள் தமக்குள் கைமாற்றும்போது இந்த நாகரிகம் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரரோடு கைமாற்றும்போதுதான் அது காணாமற்போய்விடுகிறது.

உட்துறைமுக வீதிப் பக்கத்திலும் உவர்மலையிலும் உள்ள பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். வெப்பத்தைத் தடுக்கக் கட்டியவை வைஃபையையும் சேர்த்துத் தடுக்கின்றன. இரண்டு சுவர் தாண்டினால் அலை நொண்டும். மூன்று தாண்டினால் படுத்துவிடும். எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது சுவருக்கு அப்பால்தான் என் தாயார் படுத்திருக்கிறார். எழுந்து கூடத்துக்கு வருவது அவருக்கு இயலாது. மூத்த மகன் ரொறன்ரோவில். அவன் முகத்தை அவர் பார்ப்பது கைப்பேசித் திரையில்தான். பேச்சு பாதியில் உறைந்து நிற்கும்போது "பிள்ளை கோவிச்சுக்கொண்டு வைச்சிட்டானோ?" என்று கேட்பார். பிள்ளைகள் கடல் கடந்த வீடுகளில் பின்னறைக்கு அலை எட்டுவது சொகுசு சார்ந்த சங்கதி அல்ல. அதே பின்னறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மருமகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021இல், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, மலைப்பகுதிக் கிராமங்களில் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்து பாடம் கேட்ட படங்களை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. பாறை ஏற வேண்டிய தேவை சில பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

செய்முறையைச் சொல்கிறேன். தமிழில் இதை எழுதிவைப்பவர்கள் குறைவு. பெட்டியோடு வரும் கையேட்டில் எத்தனையோ மொழிகள் இருக்கும், தமிழ் இருக்காது. தமிழும் ஆட்சிமொழி என்று இந்நாட்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல். கையேடு அச்சிடுகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

பழைய ரவுட்டரின் பின்புறத்தில் உள்ள சின்னத் துளையில் குச்சியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். கேபிளால் அதைக் கணினியோடு இணைத்து, உலாவியில் அதன் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். முதலாவது, அதன் முகவரியைப் புது ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றுவது: புதியது 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2. இரண்டாவது, 'டிஎச்சிபி' என்ற பகுதியை அணைத்துவிடுவது. வீட்டிலுள்ள கருவிகளுக்கு இலக்கம் வழங்கும் வேலை அது. ஓர் ஊருக்கு இரண்டு விதானைமார் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் இரண்டு ரவுட்டர்கள் இலக்கம் வழங்கினாலும் நடக்கும். மூன்றாவது, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் புதியதில் உள்ளபடியே வைத்து, அலைத்தடத்தை மட்டும் வேறாக்குவது. 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இடறாதவை. புதியது 1இல் இருந்தால் பழையதை 6இல் வையுங்கள். பிறகு புது ரவுட்டரின் 'லான்' துளையிலிருந்து பழையதன் 'லான்' துளைக்கு ஒரு கேபிள். பழையதில் தொலைபேசிக் கம்பி செருகிய துளை வெறுமையாகவே கிடக்கட்டும்.

கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகளில் பழையது காற்றிலேயே அலையை வாங்கிக் காற்றிலேயே கொடுக்க வேண்டும். சொல்லின் சரியான பொருளில் ரிப்பீட்டர் என்பது இதுதான். பழைய பெட்டிகள் சிலவற்றில் 'டபிள்யூடிஎஸ்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். இரண்டும் ஒரே தடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கம்பனிப் பெட்டியாக இருந்தால் நல்லது, வேறாக இருந்தால் சிலவேளை பேசிக்கொள்ள மாட்டா. ஒரே வாயால் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். எனவே முடிந்தவரை கேபிள்தான். நூறு மீற்றர் வரை அது சளைக்காமல் ஓடும். எந்த வீட்டுக்கும் அது போதும்.

எங்கே வைப்பது என்பதில்தான் கடைக்காரர்களே தவறாக வழிகாட்டுகிறார்கள். கேபிள் இல்லாத ரிப்பீட்டரை அலை எட்டாத அறையில் வைக்கச் சொல்வார்கள். அலை வந்து சேராத இடத்தில் நின்றுகொண்டு அது எதை அஞ்சல் செய்யும்? அஞ்சலோட்டத்தில் இரண்டாவது பிள்ளை எல்லைக்கோட்டில் போய் நிற்பதில்லை. கோலைக் கைநீட்டி வாங்கக்கூடிய தூரத்தில் நிற்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே, கதவு நிலைக்கு நேராக, உயரத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றின் மறைவில் வேண்டாம். கடலோர வீடென்றால் யன்னல் ஓரமும் வேண்டாம். உப்புக்காற்று செருகிகளைத் தின்றுவிடும்.

இவ்வளவுதான் வேலை. ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் இதை எங்கள் வீட்டில் செய்ய முயன்றபோது நடந்ததைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

என்னிடம் இரண்டு பழைய பெட்டிகள் இருந்தன. ஒன்று உறவினர் ஒருவர் கடையில் வாங்கிப் பாவித்துவிட்டுக் கொடுத்தது. மற்றையது இணைப்புத் தந்த நிறுவனத்திடமே நான் பணம் கட்டி வாங்கியது. பற்றுச்சீட்டு இன்னும் இருக்கிறது. கடையில் வாங்கியது மேலே சொன்னபடி இணங்கி வந்தது. இன்று என் தாயாரின் அறைக்கு வெளியே நடைவழியில் ஆணியில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பது அதுதான். நிறுவனத்தின் பெட்டியோ வாசலைத் திறந்துவிட்டு உள்ளறைகளைப் பூட்டிக்கொண்டது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றலாம். அதற்குமேல் எதையும் தொட விடாது. டிஎச்சிபியை அணைக்க நிர்வாகக் கடவுச்சொல் வேண்டுமாம். புது இணைப்பு பூட்ட வந்த இளைஞரிடம் கேட்டேன்.

"ஐயா, அது எங்களுக்கே தரமாட்டினம். இதை வைச்சு மினக்கெடாதேங்கோ. எங்கட எக்ஸ்டென்டர் ஒண்டு இருக்கு, மாசக் கட்டணத்தோட சேர்த்துக் கட்டலாம்."

அந்தத் தம்பியில் பிழையில்லை. கொடுத்த வசனத்தைச் சொன்னார். பணியகத்துக்கு எழுதினேன், பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்தக் கடவுச்சொல்லை வெளியிட முடியாது என்று பதில் வந்தது. யாருடைய பாதுகாப்பு? பெட்டி என்னுடையது. அவர்களுடைய கம்பியில் அது இப்போது இல்லை. அவர்களுடைய வலையமைப்புக்கு அதனால் ஒரு தூசு ஆபத்தும் இல்லை. காணியை விற்றுக் காசையும் வாங்கியவர், கிணற்றுக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டு போனால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

பாதுகாப்பு என்ற வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. எதிர்த்தரப்பிடம் உள்ள ஒரே வலுவான வாதம் அதுதான். 2018இல் 'விபிஎன்ஃபில்டர்' என்ற நச்சு நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர்களிலும் அவைபோன்ற கருவிகளிலும் புகுந்திருந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றித் தமக்கு முகமூடியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரித்தது. உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கையை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பெட்டி பழையது என்பதால் அதில் ஓட்டை விழவில்லை. ஓட்டையை அடைக்க வேண்டியவர் அடைப்பதை நிறுத்திவிட்டார். தானும் அடைக்க மாட்டார், அடைக்கத் தெரிந்த மற்றவரையும் உள்ளே விட மாட்டார். பிறகு அந்த ஓட்டையைக் காட்டியே புதியது விற்பார். இதைப் பாதுகாப்பு என்று அழைப்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வார்த்தை: நான் சொன்ன முறையில் பழைய பெட்டி புதியதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, வெளியுலகம் நேரே அதைத் தட்டுவதில்லை. ஆபத்து பெருமளவு குறைகிறது, முற்றாக நீங்குவதில்லை. 'டபிள்யூபிஏ2' பூட்டு இல்லாமல் 'டபிள்யூஈபி' மட்டுமே உள்ள மிகப் பழைய பெட்டியை மட்டும் தயவுசெய்து பாவிக்க வேண்டாம். அந்தப் பூட்டைத் திறக்க இன்று பள்ளிக்கூடப் பையனுக்குச் சில நிமிடம் போதும்.

மற்றவர்களை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 2002 இறுதியில் லின்க்சிஸ் நிறுவனம் 'டபிள்யூஆர்டி54ஜி' என்ற நீலமும் கறுப்புமான பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003இல் மென்பொருள் வல்லுநர்கள் கண்டுகொண்டார்கள். லினக்ஸின் உரிமம் ஒரு கடமையை விதிக்கிறது: அதை வைத்துப் பொருள் செய்து விற்பவர் அதன் மூலநிரலையும் பயனருக்குத் தர வேண்டும். அப்போது லின்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ, நெருக்குதலுக்குப் பிறகு நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் முளைத்ததுதான் 'ஓப்பன்டபிள்யூஆர்டி'. பெட்டி செய்த கம்பனி மறந்துபோன ரவுட்டர்களுக்குக்கூட ஆண்டாண்டாகப் புதுப் பதிப்பும் ஓட்டை அடைப்பும் தந்துவருகிறவர்கள், சம்பளமின்றி உழைக்கும் அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள்தாம்.

இதன் பயனை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2005இல் இந்திய அரசு வைஃபை அலைவரிசையை வெளியிடங்களில் உரிமமின்றிப் பாவிக்க அனுமதித்ததும், திபெத்திய அகதிகள் வாழும் தர்மசாலாவில் இந்த நீலப் பெட்டிகளையே திருத்தி, மலைக்கு மலை அலையை அஞ்சல் செய்யும் வலையமைப்பை நிறுவினார்கள். பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் அதில் இணைந்தன. குரங்குகள் தொங்கினாலும் முறியாத அன்டனாவைத் தேடுவதே அவர்களுக்குப் பெரும் பாடாக இருந்ததாம்! இலங்கையில் அனுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியக் கிராமம் 2006 அளவில் வீட்டுக்கு வீடு அலையைக் கடத்தி இணையத்தைப் பகிர்ந்துகொண்டது. வில்பத்துக் காட்டோர விவசாயக் கிராமம் அது. இவையெல்லாம் பூட்டாத பெட்டிகளால் நடந்தவை.

பூட்டு அதன் பிறகுதான் இறுகியது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 5 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குக் கொண்டுவந்த விதிகளைச் சாட்டாக வைத்துச் சில நிறுவனங்கள் முழு மென்பொருளையும் பூட்டத் தொடங்கின. அவற்றுள் ஒன்றான டிபி-லிங்க் 2016இல் அதே ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில், விதிமீறிய வேறொரு விடயத்துக்காக 2 இலட்சம் டொலர் கட்டியதோடு, வெளியார் மென்பொருளுக்கு இடமளிக்கவும் ஒப்புக்கொண்டது. ஆக, பூட்டியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே சொல்லவில்லை. நம் நாட்டில் யார் சொன்னது?

திறந்துவிட்டால் எல்லாப் பெட்டியும் பிழைத்துவிடும் என்றும் நான் கதை விட மாட்டேன். நினைவகம் மிகச் சிறிதாக உள்ள பெட்டிகளை ஓப்பன்டபிள்யூஆர்டியே சில ஆண்டுகளுக்கு முன் கைவிட்டது. பேர்பெற்ற அந்த நீலப் பெட்டிக்கும் இன்று அதன் புதுப் பதிப்பில் இடமில்லை. தொலைபேசிக் கம்பி ரவுட்டர்கள் பலவற்றில் சில்லு செய்தவர் தன் இரகசியத்தை வெளியிடாததால் யாராலும் முழுமையாகத் திருத்த முடிவதில்லை. அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு: மேலே சொன்ன கேபிள் முறைக்கு எந்த மென்பொருள் மாற்றமும் வேண்டியதில்லை. நிர்வாகக் கடவுச்சொல் ஒன்று போதும். நான் கேட்டதும் அதைத்தான்.

"புதியது என்ன பெரிய விலையா?" என்பார்கள் வெளிநாட்டு நண்பர்கள். 2022ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. இறக்குமதி முடங்கியது, ஒருநாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் போனது. அப்போது கெட்டுப்போன ஒரு சின்னக் கருவியை மாற்றுவதற்கு ஒரு குடும்பம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். மின்செலவைச் சொல்வோருக்கு ஒரு கணக்கு: 5 வாற்று எடுக்கும் பெட்டி மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 அலகு. புதிய எக்ஸ்டென்டர் ஒன்றும் காற்றைக் குடித்து வாழ்வதில்லை. குப்பையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2022இல் உலகம் வீசிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனது அதில் 22.3 வீதம் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது.

பழையது பயன்படாது என்று சொல்வதற்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத ஊர் எங்கள் ஊர். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கடற்படைக்காகக் கட்டியவை. அவற்றுள் பெரும்பகுதி பல தசாப்தங்களாகக் காடு மூடிக் கிடந்தது. 2022 ஜனவரியில் அவற்றைத் திருத்திப் பாவிப்பதற்கு இரண்டு நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் எழுதின. இரும்புத் தாங்கி முக்கால் நூற்றாண்டு கழித்தும் உதவும். ஆறு வருட ரவுட்டர் உதவாதாம். வடக்கில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரியே கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். எங்களுக்குத் திருத்தத் தெரியாமல் வீசவில்லை. திருத்த விடாமல் வீச வைக்கிறார்கள்.

வேறு நாடுகளில் சட்டம் அசையத் தொடங்கிவிட்டது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவியை விற்பவர் எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் இதைவிடக் கடுமையான சட்டத்தை நிறைவேற்றியது. இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இணைப்பு வழங்குவோருக்கான நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வாடிக்கையாளர் பணம் கட்டி வாங்கிய கருவி இணைப்பிலிருந்து கழற்றப்படும் நாளில், அதன் நிர்வாகக் கடவுச்சொல் அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

அந்த வரி வரும்வரை செய்யக்கூடியது ஒன்று. புது இணைப்புப் பூட்ட ஆள் வரும் நாளில், பழைய பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லை எழுதித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். தரமுடியாது என்றால், தரமுடியாது என்பதையும் காரணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி நூறு கடிதங்கள் சேரட்டும். கொழும்புக்கு எடுத்துக்கொண்டுபோய் ஆணைக்குழுவின் மேசையில் வைக்க நான் தயார். என்னுடையது ஒன்று ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது.